நழுவினால் திரும்பி வரும் டயர்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அச்சில் வந்ததை எல்லாம் நம்பிவிடுவேன். அதுவும் வழவழப்பான தாளில், வெளிநாட்டுக்காரன் வண்ணப் படத்தோடு அச்சடித்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். லஸ் முனைப் பழைய புத்தகக் கடையில் கார்ப் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வந்து, ஆபீஸ் ஃபைல்களிடம் காட்டாத மரியாதையோடு படித்து, சாப்பாட்டு நேரத்தில் நீரஜாவிடம் ஒப்பிப்பேன். அவள் கேட்டுக்கொண்டே சாதம் பரிமாறுவாள். கேட்கிறாளா என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

நீரஜா என் மனைவி. கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கணக்கு டீச்சர். நான் வேதாந்தம், மவுன்ட் ரோட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவன். எங்களிடம் ஒரு பழைய ஃபியட் இருந்தது. அதைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டுவது என் வேலை. ஓட்டுவது அவள் வேலை. இந்தப் பங்கீட்டை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. நான் ஓட்டினால் வண்டி திக்கும், அவள் ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். ராயப்பேட்டை சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்தில் நின்ற அம்பாசடர்களும் மாருதிகளும் கிளம்புவதற்குள் அவள் அடுத்த தெருவில் இருப்பாள். புடவைத் தலைப்பைக்கூடச் சரிசெய்துகொள்ள மாட்டாள்.

அவளை டிராக் ரேஸுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். டிராக் ரேஸ் என்றால் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொடி விழுந்ததும் நேர்கோட்டில் கால் மைல் ஓட வேண்டும். திருப்பம் கிடையாது. முதலில் பார்க்கிறவர்களுக்கு இதில் என்ன சாமர்த்தியம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நாலு தடவை பார்த்த பிறகுதான், பந்தயம் முழுக்க முதல் இரண்டு மூன்று நொடியில் முடிந்துவிடுகிறது என்பது புரிந்தது. நிற்கிற சக்கரம் உருளத் தொடங்கும் அந்தக் கணத்தில் டயர் தரையைப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் சுழன்றதோ, மிச்சமிருக்கிற தூரத்தில் எஞ்சின் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் ஆகாது.

செங்குன்றம் தாண்டி ஒரு பழைய விமான ஓடுதளம். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அங்கே பந்தயம் நடக்கும். தொண்ணூற்று மூன்றில் நீரஜாவை 'மகளிர் பிரிவு' என்ற ஒன்றில் போட்டார்கள். மொத்தம் ஆறு பெண்கள். அவள் பத்தொன்பது புள்ளி ஆறு நொடியில் ஓடி முதலாவது வந்தாள். இரண்டாவதாக வந்த பெண் இருபத்து மூன்று. பரிசு, மூடி போட்ட மூன்று ஹாட்பேக். கூட்டம் கைதட்டியது. நானும் விரல் வலிக்கத் தட்டினேன்.

வீட்டுக்கு வரும் வழியில், ஆழ்வார்பேட்டை தாண்டும்போது சொன்னாள்:

"மெயின் கிளாஸ் லிஸ்ட்ட பாத்தேளா? என் டைமுக்கு எட்டாவது இடம். லிஸ்ட்ல என் பேர் இல்லை."

"அது ஜென்ட்ஸ் லிஸ்ட் இல்லியா?"

"ஜென்ட்ஸுன்னு எங்கயும் போடலை. மெயின்னு போட்டிருக்கா. அப்ப நான் எங்க ஓடினேன்?"

அவள் அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவள் பந்தய சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். ஒன்றல்ல, நாலு. நாலாவதுக்குப் பதில் வந்தது. அடுத்த பந்தயத்தின் காலையில் அவளுக்கு ஒரே ஓர் ஓட்டம் தருவார்களாம். பத்தொன்பது நொடிக்குள் முடித்தால் மெயின் கிளாஸில் சேர்த்துக்கொள்வார்களாம். முடிக்காவிட்டால் மகளிர் பிரிவுதான், இது பற்றி இனிமேல் எழுத வேண்டாம் என்று கடைசி வரி. ஆண்களுக்கு அப்படி ஒரு சோதனையும் கிடையாது. பெயர் கொடுத்தால் போதும், வண்டி நகர்ந்தால் போதும். எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அவள் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"பத்தொன்பது. புள்ளி ஆறு குறையணும், கொஞ்சம் மிச்சத்தோட. குறைக்கலாம்," என்றாள்.

அந்த வருஷம் முழுக்க நான் எஞ்சினோடு கிடந்தேன். அதில் எனக்கு மார் தட்டிக்கொள்ள உரிமை உண்டு. சிலிண்டர் தலையைக் கழற்றித் தேய்த்து மெருகேற்றி, இரண்டு கார்புரேட்டர் வைத்து, பின் சீட்டை எடுத்து, வண்டியை ஒரு புது ஆளாக்கினேன். மார்கழி பிறக்கும்போது பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். பின் சக்கரங்களுக்கு என்ன டயர்?

என்னைக் கேட்டால் அது கேள்வியே இல்லை. பத்திரிகைகள் ஒரே குரலில் சொல்லிவிட்டன: ரேடியல். அதுவரை நம் ஊர் வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்தது நைலான் டயர். அதன் உள்ளே நூல் வரிகள் குறுக்கும் நெடுக்குமாக, பாய் முடைந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று போகும். ரேடியலில் நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும், அதற்கு மேல் எஃகுக் கம்பிப் பட்டை. அதனால் அது தரையில் அழுத்தமாக உட்காரும், உருளும்போது சோம்பல் படாது. நைலான் நெளியும், குழையும். அமெரிக்காவில் கால் மைல் பந்தயக்காரர்களே ரேடியலுக்கு மாறிவிட்டார்கள் என்று நாலு பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் இரண்டு ரேடியல் வாங்கி வந்து, கூடத்தில் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத்தான் காபியே குடித்தேன்.

மறுநாள் மாலை நீரஜா பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வீட்டுக்கு வராமல் சைதாப்பேட்டைக்குப் போய், மெஹபூப் பாஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பாஷா, தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற பட்டறை வைத்திருந்தார். லாரிக்காரர்களுக்கு மத்தியில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. டயரின் பக்கவாட்டை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தே உள்ளே எத்தனை வரி, எங்கே பிரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். நாற்பது வயது இருக்கும், எனக்குச் சமம். என் ரேடியல்களை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. எனக்குப் பரம திருப்தி.

"ஏ ஒன் டயரு சார். நான் இல்லன்னே சொல்லல. இத்த போட்டுக்கினு பெங்களூரு போனீங்கோன்னா சொம்மா சொகமா கீது. ஆனா மேடம் கேக்கறது வேற."

"என்ன கேக்கறா?"

"நைலான் டயரு, உள்ள வரி கம்மியா இருக்கற மாதிரி பழசா எடுத்து, மேல மெத்துனு ரப்பர் ஒட்டித் தர முடியுமான்றாங்க. மேல பட்டன் கிட்டன்னு கோடு பள்ளம் ஒண்ணும் வெட்டாம மொழுக்குனு. எனக்கே இந்த ரோசனை வந்ததில்ல சார். ஒட்டித் தரேன்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாகச் சாப்பாட்டு வேளையில் நான் ஒப்பித்ததை எல்லாம் அவள் கேட்டிருக்கிறாள். வெறும் காதோடு கேட்கவில்லை, பிரித்துப் பார்த்து வேண்டாததைத் தள்ளிவிட்டுக் கேட்டிருக்கிறாள். அன்று இதைப் பெருமையாக நினைத்தேன் என்று சொன்னால் பொய். ராத்திரி சாப்பாட்டில் ரசத்தைத் தொடவில்லை.

"நன்னா இருக்கற புது டயர விட்டுட்டு, ஒட்டுப் போட்ட பழைய டயரா? யாராவது சிரிப்பா," என்றேன்.

"ஓட்டிப் பாக்கலாம். டயர் என்ன சொல்றதோ அது," என்றாள்.

பெசன்ட் நகருக்குத் தெற்கே அப்போது வீடுகள் வராத ஒரு தார் ரோடு இருந்தது. மார்கழி ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரம் அங்கே போனோம். பாஷா இரண்டு ஜோடி டயர்களோடும் ஜாக்கியோடும் ஒரு ஆட்டோவில் வந்து சேர்ந்தார். நீரஜா வண்டியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாள். கோலமாவு. கல்லை அரைத்துச் செய்கிறார்களே, அந்த வெள்ளை மாவு, ஐந்தாறு படி இருக்கும். மாவுச் சல்லடையை எடுத்து ரோட்டில் இரண்டு தடம், ஒவ்வொன்றும் இரண்டடி அகலம், முப்பதடி நீளத்துக்குச் சலித்துக்கொண்டே போனாள். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு தம்பதி நின்று பார்த்தார்கள். மார்கழி மாதம், விடிகாலை, மடிசார் இல்லாவிட்டாலும் ஒரு மயிலாப்பூர் மாமி, கையில் கோலமாவு. அந்த அம்மாள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

முதலில் ரேடியல். நீரஜா எஞ்சினை உறுமவிட்டுக் கிளட்சை விட்டாள். நான் பள்ளிக்கூட டிரில் மாஸ்டரின் ஸ்டாப் வாட்சோடு, இருபது மீட்டர் தள்ளி நட்ட குச்சிக்குப் பக்கத்தில் நின்றேன். ஐந்து தடவை ஓடினாள். ஒவ்வொரு தடவையும் இறங்கிவந்து மாவில் பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, மறுபடி சலித்துவிட்டு ஓடினாள். பிறகு பாஷா டயரை மாற்றினார். நைலானில் ஐந்து.

நான் நேரங்களை உரக்கப் படித்தேன். ரேடியல்: மூன்று புள்ளி நாலு, மூன்று புள்ளி ஐந்து, நாலு புள்ளி மூன்று, மூன்று புள்ளி நாலு, நாலு புள்ளி ஆறு. நைலான்: மூன்று புள்ளி ஏழு, ஏழு, எட்டு, ஏழு, ஏழு.

"அஞ்சுல மூணு ரேடியல் ஜெயிச்சாச்சு," என்றேன். குரலில் கொஞ்சம் கொண்டாட்டம் இருந்திருக்கும்.

"இங்க வாங்கோ," என்றாள்.

மாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தோம், மூவரும். கடைசி ரேடியல் ஓட்டத்தின் தடத்தை அவள் அழிக்காமல் விட்டுவிட்டு, நைலானுக்குப் பக்கத்தில் புதுசாகச் சலித்திருந்தாள். முதல் ஓரடிக்கு டயரின் அச்சு கன கச்சிதமாக, ரப்பர் முத்திரை குத்தின மாதிரி இருந்தது. அதற்கப்புறம் ஒரே இழுப்பு, பத்தடிக்கு மாவே இல்லாமல் தார் தெரிந்தது. ஒரு தடவை விட்டதும் விட்டதுதான், பிடி திரும்பவே இல்லை. நைலான் தடம் பார்க்க அழகாக இல்லை. இழுப்பு, அச்சு, இழுப்பு, அச்சு என்று கிறுக்கல். ஆனால் ஒவ்வொரு இழுப்பும் ஒரு சாண்தான். விட்டுவிட்டுப் பிடித்திருந்தது.

"இது நழுவினா திரும்பி வரது," என்றாள் நீரஜா.

"நழுவாம ஓட்டேன். நழுவலைன்னா ரேடியல்தானே ஃபர்ஸ்ட்?"

"அங்க அஞ்சு தடவையா ஓட விடப் போறா? ஒரே தடவை. அஞ்சு தடவைன்னா எது நன்னா ஓடறதுன்னு பாக்கணும். ஒரு தடவைன்னா எது மோசமா ஓடறதுன்னு பாக்கணும். ரேடியல்ல மோசம்னா பத்தொன்பதரையைத் தாண்டிடும். நைலான்ல மோசம்னாலும் பத்தொன்பதுக்குள்ள வரது. தட்டுத் தடுமாறித்தான் வரது. வந்தாப் போறும்."

பாஷா எழுந்து கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டார். "கரீட்டு மேடம்," என்று மட்டும் சொன்னார். பிறகு, தான் ஒட்டிய ரப்பரைக் குனிந்து ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். அவருக்கு இருந்த பெருந்தன்மை எனக்கு இருக்கவில்லை. இரண்டு நாள் உம்மென்று இருந்தேன். மூன்றாம் நாள், "உன் இஷ்டம்," என்றேன். அந்த வார்த்தையை எந்தத் தொனியில் சொல்ல முடியுமோ அந்தத் தொனியில் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் அவளை நினைத்து வியந்துபோயிருந்தேன். பத்து வருஷமாக டயரைப் பற்றிப் படிக்கிறவனுக்கு, ஒரு டயரைப் போய் அதனிடமே கேட்கலாம் என்று தோன்றவில்லை. மூன்று படி மாவு மிச்சம் வேறு இருந்தது.

பந்தய நாள் காலை எட்டு மணிக்கெல்லாம் ஓடுதளத்தில் திருவிழாக் கூட்டம். தி. நகரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் இசக்கிமுத்து தன் கான்டசாவோடு வந்திருந்தார். போன வருஷம் மெயின் கிளாஸில் முதலாவது வந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வண்டி ஓட்டும்போது மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வார். நல்ல மனிதர். நீரஜாவுக்கு ஒரே ஓட்டம்தான் என்று கேள்விப்பட்டதும் அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

"இது என்ன ஞாயம் டீச்சர்? எங்க கடைப் பயலுவகூட பேரு குடுத்திருக்கானுவ. நீங்க ஒண்ணும் யோசிக்காதீய. நல்லா மிதிங்க."

சொல்லிவிட்டுத் தன் முறைக்குப் போனார். அவருடைய முறை என்றால் ஒரு கூடை எலுமிச்சம்பழமும் ஒரு தேங்காயும் இல்லாமல் நடக்காது. ஆரம்பக் கோட்டில் வண்டியை நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் அடியில் பழம் வைத்து, தேங்காயை அங்கேயே சிதறு காயாக உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் ஏறுவார். அவர் மட்டுமில்லை. அன்றைக்கு வந்த அறுபது வண்டிகளில் ஐம்பது வண்டிக்காவது பழம் வைத்திருப்பார்கள். தப்பென்று யாருக்கும் தோன்றவில்லை. வண்டி கிளம்பும் இடத்தில் பழம் நசுங்காமல் வேறு எங்கே நசுங்கும்?

ஒத்திகை ஓட்டத்தில் இசக்கிமுத்துவின் கான்டசா கொடி விழுந்ததும் நின்ற இடத்திலேயே கீச்சிட்டது. பின் சக்கரங்கள் சுழன்றன. வண்டி மட்டும் யோசித்துக்கொண்டு நின்றது. பிறகு மெதுவாகப் போயிற்று. வழக்கமாகப் பதினெட்டு நொடியில் ஓடுகிறவர், அன்று பத்தொன்பது புள்ளி மூன்று. அவர் போட்டிருந்ததும் ரேடியல்தான், என்னுடையதைவிட உசத்தி. "ரோடு என்னமோ இன்னிக்கு சரியில்ல," என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரோட்டுக்கு என்ன வந்தது என்று அவரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஒலிபெருக்கியில் நீரஜாவின் பெயரைச் சொன்னார்கள். 'சிறப்பு அனுமதி ஓட்டம்' என்றார்கள். கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். அவள் சுடிதாரும் ஹெல்மெட்டுமாக ஏறி உட்கார்ந்தாள். கோட்டுக்கு இருபதடி பின்னால் பாஷா ஒரு வாளித் தண்ணீரைப் பின் சக்கரங்களுக்கு அடியில் ஊற்றினார். நீரஜா சக்கரத்தைச் சுழலவிட்டாள். புகை கிளம்பியது, ரப்பர் சூடேறித் தரையில் ஒட்டுகிற பதத்துக்கு வந்தது. பாஷா துணியால் இரண்டு டயரையும் துடைத்துவிட்டு விலகினார். இனி அவள் மெதுவாகக் கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும், கொடி விழ வேண்டும், அவ்வளவுதான். வண்டியோடு கோடுவரை போக ஒரே ஓர் ஆளுக்கு அனுமதி. நான் போனேன்.

போய் என்ன செய்தேன் என்றால், பேன்ட் பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்தேன்.

காலையில் மாட வீதியில் வாங்கியது. குங்குமம் தடவி வைத்திருந்தேன். டயர் புது டயர். ஒட்டுப் போட்டதானாலும் புதுசுதானே. சைக்கிள் வாங்கினபோதுகூடப் பழம் வைக்காமல் நான் மிதித்ததில்லை. யோசித்துச் செய்கிற காரியம் இல்லை இது. கை தானாகச் செய்யும். கோட்டில் வண்டி வந்து நின்றதும், அவளுடைய ஒரு வருஷத்து உழைப்பையும், நாலு கடிதங்களையும், அவள் பேர் இல்லாத அந்த லிஸ்ட்டையும் நினைத்துக்கொண்டு, பிள்ளையாரை உருகி வேண்டிக்கொண்டு, பின் சக்கரங்களுக்கு முன்னால் சக்கரத்துக்கொன்றாக வைத்தேன். கொடிக்காரர் அரையடி முன்னால் வரும்படி கை காட்டினார். வண்டி நகர்ந்தது. பழங்கள் நசுங்கின.

அந்த வாசனை மூக்கில் ஏறியபோதுதான் நான் கீழே பார்த்தேன். கோடு நெடுக மஞ்சள் சக்கை. நூறு பழங்களின் சாறு, கொட்டை, தோல். மேலே தேங்காய்த் தண்ணீர், அதன் மேல் ஓடுதளத்து மணல். பாஷா அவ்வளவு பதவிசாகத் துடைத்துவிட்ட டயரில் என் இரண்டு பழங்களின் சாறு வழிந்துகொண்டிருந்தது. இசக்கிமுத்துவின் ரோட்டுக்கு என்ன வந்தது என்று அப்போது புரிந்தது. கொடி மேலே போய்விட்டது. கொடி ஏறின பிறகு வண்டியைத் தொட்டாலோ நிறுத்தினாலோ ஓட்டம் ரத்து. அவளுக்கு இருந்தது அந்த ஓர் ஓட்டம்தான். கத்தத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். பின்னால் நகர்ந்தேன்.

கொடி விழுந்தது.

வண்டி ஒரு கணம் பின்பக்கம் தாழ்ந்தது. இடது சக்கரம் வழுக்கிச் சுழல ஆரம்பித்தது. வண்டியின் வால் என் பக்கம் ஒரு முழம் ஒதுங்கியது. போச்சு என்று நினைத்தேன். அவள் மிதித்த காலை எடுக்கவில்லை. ஒரு துளி தளர்த்தினாள், எஞ்சின் சத்தத்தில் அது கேட்டது. டயரின் பக்கவாட்டு மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது. நழுவிற்று, கடித்தது. மறுபடி நழுவிற்று, மறுபடி கடித்தது. மூன்றாவது கடியில் சக்கரம் சக்கையைத் தாண்டிக் காய்ந்த தாருக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான். என் எஞ்சின் பாடுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டு நான் நடு ரோட்டில் நின்றேன். கொடிக்காரர்தான் என்னைக் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார்.

முடிவுக் கோட்டில் இரண்டு கடிகாரங்களை ஒத்துப் பார்த்திருப்பார்கள். பிறகு ஒலிபெருக்கி சொன்னது: பதினெட்டு புள்ளி ஒன்பது ஏழு.

முதலில் கை தட்டியது இசக்கிமுத்து. பிறகு எல்லாரும். பாஷா காலி வாளியை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கையேந்தி ஏதோ சொன்னார். நான் அழுதேன், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. சந்தோஷம் பாதி, பயம் பாதி.

நீரஜா வண்டியை மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தியதும் பத்துப் பதினைந்து ஓட்டுநர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவளை அல்ல, என்னை.

"சார், என்ன டயர் சார் அது? பட்டனே இல்ல?"

"சாமி, எல்லாரும் ரேடியல் ரேடியல்ங்கானுவ, நீங்க எப்படி இதைப் புடிச்சீய?" இது இசக்கிமுத்து.

பத்து வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த கேள்வி. பதினைந்து பேர், அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வாய் நமநமத்தது. உண்மையைச் சொல்கிறேன், அரை நிமிஷம் நமநமத்தது.

"அவளைக் கேளுங்கோ. நான் ரேடியல்தான்னு சண்டை போட்டவன்," என்றேன்.

அவர்கள் திரும்பினார்கள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, வகுப்பில் சொல்வதுபோல் நிதானமாக, டயரின் வரிகளைப் பற்றியும், எந்தக் கோணத்தில் நூல் போனால் எது குழையும் என்பதையும், பாஷா ஒட்டிய ரப்பரைப் பற்றியும் சொன்னாள். மாவுத் தடத்தைப் பற்றிச் சொன்னபோது இரண்டு பேர் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். ரேடியல் மட்டமென்று அவள் சொல்லவே இல்லை. கோட்டைச் சுத்தமாகக் கழுவி வைத்தால் அடுத்த வருஷம் தானும் ரேடியல்தான் போடுவேன் என்றாள். இசக்கிமுத்து கோட்டைத் திரும்பிப் பார்த்தார். தன் கூடையையும் பார்த்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் நான் அவள் பக்கத்தில் போனேன்.

"நீரஜா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் கோட்டுல..."

"எலுமிச்சம்பழம் வெச்சேள். கண்ணாடியில பாத்தேன்."

"பாத்தியா? கொடி ஏறறத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உன் ஒரு வருஷத்தை நான் பாழாக்கப் பாத்தேனே."

"வெப்பேள்னு எனக்கு முன்னாடியே தெரியும். எந்தப் புது டயருக்கு நீங்க வெக்காம இருந்திருக்கேள்?" என்றாள். கையுறையைக் கழற்றிக்கொண்டே, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள். "எல்லாம் சரியா நடக்கற இடமா இருந்தா ரேடியல். நீங்க பக்கத்துல இருக்கற இடத்துக்கு நைலான்தான்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என்னை இதைவிடச் சரியாக யாரும் எடை போட்டதில்லை. கோபம் வர வேண்டும், வரவில்லை. இப்படி ஒருத்தியோடு வாழ்கிறோமே என்ற பெருமைதான் நெஞ்சு முட்ட வந்தது. ஒலிபெருக்கி மெயின் கிளாஸ் வண்டிகளை வரிசைக்குக் கூப்பிட்டது. பதினாறாவதாக அவள் பெயர், வேறு எந்த அடைமொழியும் இல்லாமல். நான் பாஷாவின் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டு, மண்டியிட்டு, டயரில் ஒட்டியிருந்த ஒவ்வொரு கொட்டையாக எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.